செங்கல்வராயன் கடைக்குத் திரும்பி வந்தவை

செங்கல்வராயன் கடையில் விற்ற பறவை மூன்றாம் நாள் உச்சிவேளைக்குள் திரும்பி வந்துவிடும். கூண்டோடு வரும். கூண்டு தொங்கிய கொக்கியோடும், கொக்கி அடித்திருந்த உத்தரத்தில் ஒரு முழத்தோடும் வரும். பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி ஒரு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. கோட்டைக்கு வெளியே படகுத்துறைக்குப் போகும் மணல் பாதையில், மிளகாய் விற்கிறவளுக்கும் கயிறு திரிக்கிறவனுக்கும் நடுவில் அவன் கடை இருந்தது. முதலில் திரும்பி வந்தது ஒரு சிவப்புச் சில்லைக்குருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது எப்படி ஒரு முழ மரத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது என்று யாரும் கேட்கவில்லை. மரம் தேக்கா வேங்கையா என்றுதான் கேட்டார்கள். தேக்கு.

செங்கல்வராயன் பிறவியில் பறவைக்காரன் இல்லை. ஏரியில் வலை போட்டவன். அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. தண்ணீரைப் பங்கு பங்காகப் பிரித்து, குப்பத்து ஆட்களின் பேரை வரிசையாக வைத்திருப்பார்கள். இன்றைக்கு இந்தப் பங்கில் இவன், நாளைக்கு அவன் என்று முறை சுற்றி வரும். அதற்குப் பாடு என்று பேர். உன் முறை வரும் பாட்டு நாளில் உன் வலையில் எது விழுந்தாலும் அது உன்னுடையது. அதை எடுத்துப் பிறத்தியாருக்குக் கொடுக்கக்கூடாது, தண்ணீரில் திருப்பி விடவும் கூடாது. விட்டால் ஏரி கோபித்துக்கொள்ளும், அடுத்த முறை வெறும் பாசிதான் வரும் என்பது அங்கே சோறு தின்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆடி மாதம் நிறைந்த வலையை இழுக்கும்போது செங்கல்வராயனுக்குத் தோள் இறங்கிவிட்டது. வைத்தியர் ஏற்றினார், மறுபடி இறங்கியது. வலைத் தொழில் போனது. ஏரித் திட்டுகளில் கண்ணி வைத்துக் கிளியும் மைனாவும் சில்லையும் பிடித்து, கோட்டைக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தான். ஆனால் பாட்டு வரிசையில் ஏறின பேரை இறக்கும் வழக்கம் இல்லை. குப்பத்துப் பெரியவர் தனக்கோடி யோசித்து ஒரு வழி சொன்னார். இவன் முறை வரும் நாளில் இவன் பாடு கடையில் ஓடட்டும், ஏரியில் அந்தப் பங்கு சும்மா கிடக்கட்டும் என்றார். இரக்கப்பட்டுச் சொன்னதுதான். அங்கேதான் தப்பு நடந்தது.

ஏனென்றால் அந்தச் சில்லைக்குருவி உத்தரத்தோடு வந்து இறங்கியது செங்கல்வராயனின் பாட்டு நாளில். அவன் பெண்டாட்டி வேலம்மா, கையால் தடவிப் பிடித்த இறாலைக் கூடையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் கரையேறி வந்திருந்தாள். பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"யோவ், யார் ஊட்டு மரமோ கொண்டாந்துகீது. ஓடிப்போய் குட்துட்டு வா."

"இன்னிக்கு என் பாடு மே. வுழுந்தத எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

"அது ஏரி. இது கடை."

"பெரியவரு கடைலதான் பாடு ஓடுதுனு சொல்லிட்டாரே."

தனக்கோடியை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், பாடு பாடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். செங்கல்வராயன் மரத்தைக் கடை மூலையில் சாத்தி வைத்து, குருவியை மறுவாரம் வேறு ஒருவருக்கு விற்றான். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும் என்று பிற்பாடு குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை, வேலம்மாவைத் தவிர. பறவைகள் பார்த்துக்கொண்டிருந்தன. கொண்டுவந்தால் வைத்துக்கொள்கிறான் என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவை பாட்டு நாள் பார்த்து வரவில்லை. எந்த நாளும் வந்தன.

அடுத்து நெசவுத் தரகர் வீட்டு மைனா ஒரு பித்தளைக் குத்துவிளக்கோடு வந்தது. அதற்கப்புறம், கோட்டைக்குள் வெடிமருந்துப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் துரையின் மனைவி கொர்னேலியா அம்மாள் வாங்கிப்போன பச்சைக்கிளி, ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டத்தில் தங்கப்பூச்சு. மணல் பாதையில் வெயில் பட்டு அது இறங்கியபோது கயிறு திரிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். மாலைக்குள் அம்மாள் துபாஷி அர்ஜுனனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா கேக்குறாங்க, கண்ணாடி எப்படி இங்க வந்துச்சினு," என்றான் அர்ஜுனன்.

"கிளி கொண்டாந்துச்சி சாமி."

"கிளினே சொல்லட்டுமா?"

"நான்னு சொன்னா தோலு உரிஞ்சிடும். கிளினே சொல்லு."

அர்ஜுனன் வெகு நேரம் உலாந்தா மொழியில் பேசினான். அம்மாள் கிளியைப் பார்த்தாள். கிளி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கழுத்துச் சிவப்பைச் சரிசெய்துகொண்டிருந்தது. அம்மாள் சுருக்கமாக ஏதோ சொன்னாள். இந்தத் தடவை மன்னிப்பு, கண்ணாடி வீட்டுக்குப் போகிறது, கிளியையும் மறுபடி வாங்கிக்கொள்கிறாள், இனி ஏதாவது வந்தால் கோட்டை வாசலில் பன்னிரண்டு சவுக்கடி என்று அர்ஜுனன் சொல்லி முடித்தான். மூன்றாம் நாள் உச்சிவேளையில் கண்ணாடி மறுபடியும் வந்தது. செங்கல்வராயன் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டான்.

குப்புறப் படுத்து, வேலம்மா முதுகில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாளில்தான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. பறவைகள் கண்டதையும் தூக்கி வரவில்லை. போன வீட்டில் இருந்து, கடையில் இல்லாததைத்தான் தூக்கி வருகின்றன. தேக்கு உத்தரம் இல்லை, உத்தரம் வந்தது. விளக்கு இல்லை, விளக்கு வந்தது. அப்படியானால், பறவை கொண்டுவருவதற்கு முன் நாமே வாங்கி வைத்துவிட்டால்? உலாந்தாக்காரர்களில் யாராவது செத்துப்போனால் அவர் சாமான்களைக் கோட்டை வாசலில் ஏலம் போடுவார்கள். அந்த ஊர்த் தண்ணீரும் காய்ச்சலும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாததால் ஏலம் அடிக்கடி நடந்தது. அவன் நொண்டிக்கொண்டே போய், மூலையில் கீறல் விட்ட ஒரு கண்ணாடியை எடுத்து வந்து கடையில் மாட்டினான். கொர்னேலியா அம்மாள் அதே கிளியை வாங்கிப்போனாள். மூன்றாம் நாள் கிளி வெறும் கூண்டோடு வந்தது. கையில் ஒன்றும் இல்லை. செங்கல்வராயன் கொக்கியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதான்.

வாங்கினவர்கள் ஏன் சண்டைக்கு வரவில்லை என்று கேட்கலாம். பறவை போனது போனதுதானே. கோட்டைக்காரர்கள் கணக்கு வேறு. கடல் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஊருக்கு அனுப்பின கடுதாசி திரும்பி வராது, கீழ்க்கடல் பக்கம் பத்தாவியாவுக்குப் போன அண்ணன் தம்பி திரும்பி வரமாட்டான், கோட்டைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வைத்த பிள்ளைகளும் வரப்போவதில்லை. தன் இடம் எதுவென்று தெரிந்து திரும்பி வருகிற ஒரு ஜீவனைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்கு வந்து நிற்பார்கள். பறவை வந்து இறங்குவதைப் பார்ப்பார்கள். கைதட்டுவார்கள். அதையே மறுபடி வாங்கிப்போவார்கள். வீட்டுச் சாமான் வராதவரைக்கும் அவர்களுக்கு வருத்தமில்லை.

ஆகவே வியாபாரம் பெருகியது, கடையும் வளர்ந்தது. ஒவ்வொரு புது வாடிக்கையாளரும் வீட்டில் என்ன வைத்திருக்கிறார் என்று அர்ஜுனனிடம் முன்கூட்டியே விசாரித்து, அதை வாங்கிக் கடையில் வைத்த பிறகுதான் செங்கல்வராயன் பறவையைக் கொடுப்பான். ஓலைக்கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது, சுவரில் நீலப்பூ போட்ட சீமை ஓடுகள் பதித்தாயிற்று. பாதிரியார் ஒரு ஜோடி தினைக்குருவி கேட்டபோது ஜன்னலுக்குக் கண்ணாடிச் சில்லு வைத்தான், சரக்குக் கிடங்குத் துரைக்காக மணி அடிக்கும் கடிகாரம் வாங்கினான், அதற்குச் சாவி கொடுக்கத் தெரியாமல் அது எப்போதும் நாலரை காட்டிக்கொண்டிருந்தது. பறவைகளுக்கு அது போதுமாயிருந்தது. இருக்கிறதா என்றுதான் பார்த்தன, ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. பல்லுப்போன ஒரு வாத்தியப் பெட்டியும், கொசுவலை கட்டின கட்டிலும், ஏலத்தில் யாரும் தொடாத ஒரு பொய்முடியும் வந்து சேர்ந்தன. மயிலாப்பூரிலிருந்து வியாபாரிகள் பார்க்க வந்தார்கள். காஞ்சிபுரத்துச் சமணர் ஒருவர் மூன்று நாள் தங்கி, ஜீவராசிகளின் மேல் இவ்வளவு கருணை உள்ள மனிதனைத் தான் கண்டதில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார். செங்கல்வராயன் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டான். உள்ளபடிக்கு அவனுக்குப் பறவைகளின் மேல் அப்படியொன்றும் பிரியம் இல்லை. அவை சத்தம் போடும்.

கடைக்குப் பின்னால் பத்து அடி தள்ளி அவனும் வேலம்மாவும் குடியிருந்த குடிசை இருந்தது. அதற்கு ஓலை மாற்றி நாலு வருஷம் ஆயிற்று. மழை வந்தால் உள்ளே ஏழு இடத்தில் சட்டி வைப்பாள். எட்டாவதாக ஒழுகும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வாள்.

"மூணு மழையா சொல்லிகினு கீறேன். ஓலை மாத்துயா."

"இந்தத் தபா தொட்டி மட்டும் வாங்கிடறேன் மே. வைத்தியரு துரை ஊட்ல குளிக்கிறதுக்குப் பீங்கான் தொட்டி கீதாம். மைனா கேட்டுட்டாரு. தொட்டி பறந்து வந்துச்சினா என் முதுகு இன்னா ஆவும்?"

"உன் முதுகு மேல தோலாவது கீது. என் தலை மேல இன்னா கீது?"

தொட்டி வாங்கிய அந்த ஐப்பசியிலேயே குடிசைக்கூரை அடுப்பின் மேல் உட்கார்ந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேலம்மா ஓலைக்கு அடியிலிருந்து சட்டியை மட்டும் இழுத்து வெளியே வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, மாற்றுப் புடைவையைச் சுருட்டி எடுத்தாள். கடைக்குள் வந்து சீமை ஓடுகளையும் தொட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "கிளிக்கு ஓடு போட்ட, எனக்கு ஓலை போடல," என்றாள். அப்புறம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தில் இருக்கும் தன் நைனா வீட்டுக்குப் படகேறிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் செங்கல்வராயனுக்குப் பல விஷயங்கள் தெரியவந்தன. அரிசி எங்கே இருக்கிறது என்பது அதில் ஒன்று. கட்டிலும் தொட்டியும் கடிகாரமும் இருக்கிற கடைக்குள் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பேச ஆள் இல்லை. மூன்று முறை ஏரியைக் கடந்து கூப்பிடப் போனான். மாமனார் துளசிங்கம் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து வலைக்கண் பின்னிக்கொண்டிருப்பார். எழுந்திருக்கமாட்டார்.

"வா மாப்ள. முதுகு ஆறிச்சா?"

"ஆறிடுச்சி மாமா."

"அப்ப நின்னுகினே பேசு."

"வேலம்மாவ கூட்டினு போலாம்னு வந்தேன்."

"எங்க கூட்டினு போவ? கிளிக்கூண்டுல ஒரு எடம் காலி கீதா?"

"ஊடு கட்டிடறேன் மாமா."

"கட்டு. கட்டிட்டு வா. மேல பாத்தா வானம் தெரியக்கூடாது."

வேலம்மா உள்ளேயே இருந்தாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் திரும்பி வந்து மெய்யாகவே பனங்கழி பன்னிரண்டு வாங்கிப் போட்டான், ஓலைக்கும் சொல்லிவிட்டான். அந்த வாரம் கப்பல் ஒன்று வந்து நின்றது. அதன் தலைவன் கீழ்க்கடல் தீவுகளிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கொண்டைக்கிளி ஒன்றைக் கடையில் விட்டுவிட்டு, பதிலுக்கு மைனா கேட்டான். அவன் அறையில் மைனாவை மாட்டப் போவது பாய்மரத்தின் அடிக்கட்டையில் என்று அர்ஜுனன் வந்து சொன்னான். கடையில் பாய்மரம் இல்லை. பாய்மரத்தைப் பிடுங்கிக்கொண்டு மைனா வந்தால் சவுக்கோடு நிற்காது, கழுத்துக்கே வந்துவிடும். பன்னிரண்டு பனங்கழியையும் ஒன்றோடொன்று கட்டி, செங்கல்வராயன் கடை நடுவில் பாய்மரம் நட்டான். மைனா மூன்றாம் நாள் கூண்டோடு மட்டும் வந்தது. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வீடு போயிற்று.

செய்தி ஆரம்பாக்கத்துக்குப் போனதும், இனி இந்தப் பக்கம் படகு விட வேண்டாம் என்று துளசிங்கம் சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் நாலு நாள் செங்கல்வராயன் கடையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கோட்டையில் இருக்கிற எல்லாம் கடையில் இருந்தன. கடையில் இல்லாதது ஒன்றுதான். அது ஆரம்பாக்கத்தில் இருந்தது.

விற்றால்தான் திரும்பி வரும், சும்மா கொடுத்தால் வராது. தனக்கோடிக்குச் சும்மா கொடுத்த கிளி ஆறு வருஷமாக அவர் வீட்டிலேயே இருந்து அவரைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆகவே கொர்னேலியா அம்மாளின் கண்ணாடியைத் தூக்கி வந்த அந்தக் கெட்டிக்காரப் பச்சைக்கிளியைக் கூண்டில் போட்டுக்கொண்டு, வரவேண்டாம் என்று சொன்ன ஊருக்குச் செங்கல்வராயன் நாலாவது முறை போனான். துளசிங்கத்திடம் கிளியை விற்பது லேசாக இல்லை. தனக்கு எதற்கு என்றார். காவலுக்கு என்றான். திருட என்ன இருக்கிறது என்றார். கடைசியில் ஒரு கட்டு வாளைக் கருவாட்டுக்கு முடிந்தது, அதிலும் இரண்டை உருவிக்கொண்டார். பேரம் முடிந்த சமயம் வேலம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்த்தாள். கிளி அவளைப் பார்த்தது. கூண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"எங்க மாட்டப் போற?" என்று அவன் வாசலில் நின்று கேட்டான்.

"உனுக்கு இன்னாத்துக்கு?" என்று பதில் வந்தது.

முதல் நாள் செங்கல்வராயன் கடையைப் பெருக்கினான். இரண்டாம் நாள் குளித்தான். மூன்றாம் நாள் காலையிலிருந்து துறையில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். ஏரியில் வலை போட்டிருந்த குப்பன்தான் முதலில் பார்த்தது. தன் படகின் மேல் நிழல் ஒன்று கடந்துபோக, மேகம் என்று நினைத்து நிமிர்ந்தான். ஒரு வீட்டின் அடிப்பாகம் தெரிந்தது. பச்சைக்கிளி வேர்வை இல்லாமல் பறந்து வந்தது. அதன் காலில் கூண்டு. கூண்டுக் கொக்கியில் நடுமரம், நடுமரத்தோடு கூரை, கூரையோடு நாலு பக்கத் தட்டிச்சுவர். வாசல் பக்கம் கட்டிலில் துளசிங்கம் வலைக்கண் பின்னிக்கொண்டே வந்தார். ஒரு கோழியும் குஞ்சுகளும் வந்தன. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புகை பின்னால் நீளமாக விழுந்தது. கிளி கடையைத் தாண்டிப் போய், இடிந்த குடிசை கிடந்த இடத்தின் மேல் எல்லாவற்றையும் மெல்ல வைத்துவிட்டு, கூண்டோடு கடைக்குள் போய்த் தன் கொக்கியில் மாட்டிக்கொண்டது.

செங்கல்வராயன் ஓடினான். கிளிகள் நடுமரத்தைத் தூக்கும், அது அவனுக்குத் தெரியும். வீட்டையே தூக்குமா? நாலு மூலைக் காலிலிருந்தும் நாலு கயிறு நடுமரத்துக்குப் போய் முடிந்திருந்தன. கட்டில் காலிலும் ஒரு கயிறு. கோழிக்கூடையிலும் ஒன்று. எல்லாம் இறால் கூடைக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. அதைக் குப்பத்தில் வேலம்மாதான் அப்படி இடப்பக்கம் திருப்பிப் போடுவாள்.

தனக்கோடியும் பாதிக் குப்பமும் வந்து சேர்ந்தார்கள். உடனே பெரிய கேள்வி எழுந்தது. அன்றைக்குப் பாடு செங்கல்வராயனுடையது இல்லை, குப்பனுடையது. பாட்டு நாளில் வந்து விழுந்தது என்றால் வீடும், வீட்டுக்குள் இருக்கிறதும் குப்பனுக்குச் சேரும். குப்பன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"பெரியவரே, எனுக்கு வாணாம். எங்க ஊட்லயே ஒரு மாமனாரு கீறாரு."

"முறைனு ஒண்ணு கீதுல்லடா," என்றார் தனக்கோடி.

வேலம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். "இது யாரு பாட்டுலயும் வுழல. ரெண்டு நாளு உக்காந்து நான் கட்டிகினு வந்தது. வுழுந்ததுதான் பாடு. வந்தது வந்ததுதான்."

தனக்கோடி நாலு மூலைக் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. கட்டி வந்தது பாட்டில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். துளசிங்கம் கட்டிலிலிருந்து முதல் தடவையாக எழுந்தார், மருமகனின் கடையை எட்டிப் பார்த்தார், பொய்முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

செங்கல்வராயன் வாசலுக்கு வெளியே நின்றான். அவளைக் கூட்டிப்போக இனி ஏரி தாண்ட வேண்டியதில்லை, பத்து அடிதான். ஆனால் கூட்டிப்போக வேறு இடமும் இல்லை.

"வேலம்மா, வந்துட்டியா?" என்றான்.

"நான் எங்க வந்தேன். எங்க நைனா ஊட்லதான் கீறேன்," என்றாள். "மழை வர்றாப்ல கீது. நனைஞ்சிகினு நிக்காத. உள்ள வா."

அவன் குனிந்து உள்ளே போனான். மேலே பார்த்தான். வானம் தெரியவில்லை.

பழவேற்காட்டில் அதற்குப் பிறகும் கடை பல வருஷம் நடந்தது. கோட்டைக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான். மாலையில் கடையைச் சாத்திவிட்டு மாமனார் வீட்டு மருமகனாகப் பத்தடி நடந்து போவான். ஆரம்பாக்கத்திலிருந்து பங்காளிகள் படகில் வந்து வீடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே வீடு இருந்த மண்மேடு கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. பிறகு யாரோ அதில் கத்தரி போட்டார்கள். நன்றாகக் காய்த்தது.